முகப்பரு விட்டுச்செல்லும் கருமை

இளமைப் பருவத்தில் முகத்தில் பரு தோன்றுவது இயற்கை. தோன்றிய பரு சில நாளில் தானே அடங்குவதும் இயற்கை. ஆயினும், பரு அடங்கிய பின்னர் அது இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி நெடுநாள் நின்றுவிடுகின்றது. பரு தந்த நோவைக் காட்டிலும் இப்புள்ளி தரும் மனவருத்தமே பெரிது எனக் கருதும் மாணவ மாணவியர் பலர். அவ்வருத்தத்தின் விளைவாகப் பிறப்பது அவசரம். அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் முகத்தில் பூசுகின்றனர். புள்ளி மறைவதற்கு மாறாக, முகத்திற்கே கேடு வந்து சேர்கின்றது. ஆதலின், இக்கருமை எவ்வாறு பிறக்கின்றது, எளிதில் எரிச்சல் கொள்ளும் தோலை உடையவர் வீட்டிலிருந்தபடியே அதனை எவ்வாறு மங்கச் செய்யலாம், எவற்றை அறவே விலக்க வேண்டும் என்னும் மூன்றையும் இங்குக் காண்போம்.

கடலூர் மாவட்டத்தார்க்கு இதனை விளக்கத் தொலைவிலிருந்து எடுத்துக்காட்டுத் தேட வேண்டுவதில்லை. பண்ணுருட்டியைச் சூழ்ந்த செம்மண் நிலங்களில் முந்திரிக் காடுகள் பரந்து கிடக்கின்றன. முந்திரிக் கொட்டையின் ஓட்டினுள் காரமான எண்ணெய் ஒன்று உண்டு. அனகார்டிக் அமிலம், கார்டால் என்னும் பொருள்கள் அதில் அடங்கியுள்ளன. கொட்டை உடைப்போர் கையில் எண்ணெயையோ சாம்பலையோ பூசிக்கொண்டு வேலை செய்வதற்கு அதுவே காரணம். காப்பின்றித் தொட்டால் தோல் வெந்து, கொப்புளித்து, புண்ணாகும். புண் ஆறிய இடம் கருத்துப் போகும். மாங்காயைக் காம்போடு கடித்து, அதன் பால் வாயோரத்தில் பட்டுப் புண்ணான சிறுவர்களையும் நாம் கண்டிருக்கின்றோம். அங்கும் புண் ஆறிய பின் கருமை நிற்கும். மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. தோல் எங்கே அழற்சி கொள்கின்றதோ, அங்கே பின்னர்க் கருமை தோன்றுகின்றது. அழற்சியை உண்டாக்கியது முந்திரி எண்ணெயா, மாம்பாலா, தீக்காயமா, கொசுக்கடியா, முகப்பருவா என்னும் வேறுபாடு இல்லை. கருமை என்பது அழுக்கும் அன்று, நஞ்சும் அன்று. அழற்சிக்குத் தோல் அளிக்கும் மறுமொழி. இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போவன அனைத்தும் எளிதில் விளங்கும்.

இனி, தோலின் உள்ளே நிகழ்வது யாது என நோக்குவோம். நம் மேல்தோலின் அடித்தளத்தில், மெலனின் என்னும் நிறமியை ஆக்கும் உயிரணுக்கள் இடையிடையே அமர்ந்துள்ளன. ஒவ்வொன்றும் கிளைபோன்ற நீட்சிகளை நீட்டி, சுற்றிலும் உள்ள ஏறத்தாழ 36 அணுக்களுக்கு நிறமிப் பொட்டலங்களை வழங்குகின்றது. அவ்வணுக்கள் அந்நிறமியைத் தம் உட்கருவின்மேல் குடைபோல் கவித்துக்கொண்டு, வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரபுப் பொருளைச் சிதைக்காவண்ணம் காத்துக்கொள்கின்றன. வெள்ளை நிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் நிறமி ஆக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றேயாகும். அவை ஆக்கும் நிறமியின் அளவும், பொட்டலங்களின் பருமனும், அவை பரவும் முறையுமே வேறுபடுகின்றன. நம்மவர் தோலில் இவ்வணுக்கள் சுறுசுறுப்பு மிக்கவை. சிறிது தூண்டினாலும் விரைந்து வேலை செய்யும் இயல்பின.

பரு தோன்றுங்கால் நிகழ்வதும் இதுவே. பூப்புப் பருவத்தில் உடலில் சுரக்கும் இயக்குநீர்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. எண்ணெய் மிகுகின்றது, மயிர்க்காலின் வாய் அடைபடுகின்றது, தோலில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்கள் அங்குப் பெருகுகின்றன, அழற்சி எழுகின்றது. அழற்சியின்போது பிறக்கும் வேதிப்பொருள்கள் நிறமி அணுக்களை எட்டி, "நிறமியைப் பெருக்குக" என்று ஆணையிட்டாற்போலத் தூண்டுகின்றன. டைரோசினேஸ் என்னும் நொதி விரைந்து இயங்குகின்றது. பரு ஆறிவிடும், மிகுதியாக ஆக்கப்பட்ட நிறமியோ அங்கேயே தங்கிவிடும்.

பரு விட்டுச்செல்லும் அடையாளங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. இளஞ்சிவப்பாகத் தோன்றுவது, அழற்சி முற்றும் தணியாமையையும் நுண்ணிய குருதிக்குழல்கள் விரிந்திருத்தலையும் காட்டும். பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ தோன்றுவது மேல்தோலில் தங்கிய நிறமி. சாம்பல் கலந்த நீலமாகத் தோன்றுவது, நிறமி உள்தோலில் இறங்கிவிட்டதைக் காட்டும். ஆழத்தில் உள்ள கருநிறம் மேலிருந்து நோக்குங்கால் நீலமாகத் தெரிவது ஒளிச்சிதறலின் விளைவு. நான்காவது பள்ளமும் மேடும். விரலால் தடவும்போது தோல் சமமின்றி இருப்பின், அது நிறமாற்றம் அன்று, தழும்பு. பூச்சுகளால் தழும்பு மறையாது. அதற்கு மருத்துவரே வழிகாட்ட வேண்டும். பழுப்புப் புள்ளியே வீட்டு முயற்சிக்கு நன்கு இணங்குவது.

மேல்தோல் ஓயாது தன்னைப் புதுப்பித்துக்கொள்கின்றது. அடியில் பிறந்த அணு மேலே ஏறி உதிர ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும். உதிரும் அணுவோடு நிறமியும் உதிர்கின்றது. ஆதலின் பழுப்புப் புள்ளி தானாகவே மங்கும் இயல்புடையது. ஆயினும், ஒரு சுற்றில் அது போய்விடுவதில்லை. சில மாதங்கள் ஆகும். சிலர்க்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். உள்தோலில் இறங்கியது இன்னும் நெடுநாள் நிற்கும். "ஏழே நாளில் மறையும்" என்று எவரேனும் விளம்பரம் செய்வாராயின், தோலின் இயற்கையை அவர் அறியார், அல்லது அறிந்தும் மறைக்கின்றார் என்று கொள்க.

எளிதில் எரிச்சல் கொள்ளும் தோலைப் பற்றித் தனியே கூற வேண்டும். மேல்தோலின் புறப்படலம், செங்கல்லும் சாந்தும் சேர்ந்த சுவரை ஒத்தது. உலர்ந்த அணுக்கள் செங்கல். அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. சிலர்க்கு இச்சுவர் மெலிந்திருக்கும். சோப்பு, நறுமணப் பொருள், வெப்பம், வியர்வை ஆகியவை அவர்களைச் சுட்டெரிக்கும். இத்தகையோர்க்குப் பிறர்க்கு நன்மை செய்யும் மருந்தும் தீமையாக முடியலாம். ஏன்? மருந்து எரிந்தால் அழற்சி உண்டாகும். அழற்சி உண்டானால் புதுக் கருமை தோன்றும். பழைய கறையை நீக்கப் புகுந்து புதிய கறையைத் தேடிக்கொள்வதாக அது முடியும். "எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பொருள்" என நம் நாட்டில் சிலர் கூறுவதுண்டு. முகத்தின் கருமையைப் பொறுத்தவரை இது முற்றிலும் பிழையான கருத்து.

அழற்சிக்கு அடுத்தபடியாகக் கருமையை வளர்ப்பது வெயில். கடலூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11¾ பாகையிலும், சிதம்பரம் ஏறத்தாழ 11½ பாகையிலும் உள்ளன. அதனால் ஆண்டில் இரு முறை, ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் வார இறுதியிலும் ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் வார இறுதியிலும், நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கின்றது. அன்று நட்ட கோலுக்கு நிழல் இராது. ஆண்டின் ஏனைய நாள்களிலும் நம் நண்பகல் வெயில் கடுமையானதே. கடற்கரையில் இது இன்னும் மிகும். உலர்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், அலைநுரை ஏறத்தாழ 25 விழுக்காட்டையும் திருப்பி எறிகின்றன. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்து மணலில் நிற்போர்க்கு வெயில் மேலிருந்து மட்டுமன்றிக் கீழிருந்தும் தாக்குகின்றது. மெல்லிய மேகம் இக்கதிர்களைப் பெரிதும் தடுப்பதில்லை. கதிரவனின் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் நம்மைப்போன்ற கருநிறத் தோலில் கருமையைத் தூண்ட வல்லது என்பது இன்று தெளிவாகியுள்ளது. ஆகவே, வெயிலை நீக்காமல் வேறு எந்தப் பூச்சைப் பூசினும், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதே ஆகும்.

எனவே, வீட்டில் செய்யத்தக்கவற்றுள் முதலாவது, புதுப் பருவைக் கிள்ளாமை. கிள்ளும்போது அடைபட்ட எண்ணெயும் கிருமியும் வெளியே வருவதினும் மிகுதியாக உள்ளே சிதறுகின்றன, அழற்சி ஆழமாகின்றது, கருமையும் ஆழமாகின்றது. கண்ணாடி முன் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டாலே பாதி நோய் குறையும்.

இரண்டாவது, முகம் கழுவும் முறை. நாளைக்கு இரு முறை போதும். விளையாடி வியர்த்தால் இன்னும் ஒரு முறை கழுவலாம். பரு அழுக்கினால் வருவதன்று. ஆதலின் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதால் அது போகாது. நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது புளிப்புத் தன்மை உடையது. அதன் அமில அளவு ஏறத்தாழ 5. சோப்புக் கட்டிகளோ பெரும்பாலும் 9, 10 என்னும் காரத் தன்மையன. கடலோர ஊர்களின் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கின்றது. அந்நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து தோலில் படிந்து, எரிச்சலை மிகுவிக்கும். மணமற்ற மென்மையான கழுவுநீர்மம் கிடைப்பின் நன்று. இல்லையெனில் மென்மையான சோப்பைச் சிறிதே பயன்படுத்தி, நன்றாக அலசி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கழுவிய பின் எண்ணெய்ப் பசையற்ற ஈரங்காக்கும் பூச்சு ஒன்றைத் தடவுவது, மெலிந்த சுவருக்குச் சாந்து பூசுவதை ஒக்கும். தலைக்குத் தடவும் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் மயிர்க்கால் அடைபட்டுப் பரு மிகும்; இரவில் அது தலையணையில் படிந்து கன்னத்தையும் சேரும். எண்ணெய் தேய்ப்பதை விட வேண்டுவதில்லை. நெற்றியில் வழியாமல் காத்தால் போதும்.

மூன்றாவது, வெயிலிலிருந்து காப்பு. உங்கள் நிழல் உங்கள் உயரத்திலும் குறுகியிருக்கும் நேரத்தில் வெயில் கடுமையானது என்பது நினைவில் வைக்கத்தக்க எளிய கணக்கு. அந்நேரத்தில் குடை, அகன்ற விளிம்புத் தொப்பி, மரநிழல் ஆகியவை செலவில்லாத மருந்துகள். சிற்றூர்களிலிருந்து மிதிவண்டியில் அண்ணாமலை நகர் வரும் மாணவர்களும், விளையாட்டுத் திடலில் நிற்போரும் சன்ஸ்கிரீன் என வழங்கும் வெயில்காப்புப் பூச்சைப் பயன்படுத்தலாம். அதன் காப்பெண் 30-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். இரண்டு விரல்களின் நீளத்திற்குப் பிதுக்கி எடுத்த அளவு முகத்திற்கும் கழுத்திற்கும் தேவை. வெளியில் இருப்பின் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். துத்தநாக ஆக்சைடு கலந்தவை எரிச்சல் கொள்ளும் தோலுக்குப் பெரும்பாலும் இணங்கும். இரும்பு ஆக்சைடு சேர்ந்து தோலின் நிறம் கொண்ட பூச்சுகள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் தடுக்க வல்லவை.

நான்காவது, நிறமியைக் குறைக்கும் மென்மையான பூச்சுகள். இவற்றுள் எரிச்சல் குறைந்தது நியாசினமைடு. பி வகை உயிர்ச்சத்துகளுள் ஒன்று. நிறமிப் பொட்டலங்கள் அண்டை அணுக்களுக்குச் செல்வதை அது மட்டுப்படுத்துகின்றது. தோலின் சுவரையும் வலுப்படுத்துகின்றது. 4, 5 விழுக்காடு போதும். 10 விழுக்காடு என்று விற்பது மென்மையான தோலுக்கு மிகையாகலாம். அடுத்தது அசெலாயிக் அமிலம். கோதுமை, பார்லி முதலிய தானியங்களில் காணப்படும் இப்பொருள், டைரோசினேஸ் நொதியைத் தடுப்பதோடு பருவையும் அடக்குகின்றது. தொடக்கத்தில் சிறிது அரிப்புத் தரலாம். அடாபலீன் என்னும் மருந்து பருவுக்கும் கருமைக்கும் நன்மை செய்வதே. ஆயினும் முதல் வாரங்களில் தோலை உலர்த்தி எரிக்கும் இயல்புடையது, கருவுற்றோர் பயன்படுத்தலாகாது, ஆதலின் அதனை மருத்துவர் சொற்படியே கைக்கொள்ள வேண்டும்.

எப்பூச்சாயினும், முதலில் முழங்கைக்குக் கீழே உட்புறத்திலோ காதின் கீழ்த் தாடையோரத்திலோ சிறிதளவு தடவி, ஒரு வாரம் சோதித்துப் பார்த்தல் வேண்டும். சிவப்போ அரிப்போ இல்லையாயின் முகத்தில் பூசலாம். ஒரே காலத்தில் ஒரு புதுப் பொருளையே தொடங்க வேண்டும். இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் எரிச்சல் எதனால் வந்தது என அறிய இயலாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் எனத் தொடங்கி, தோல் பழகிய பின் நாள்தோறும் பூசலாம். பயனை நாள்தோறும் கண்ணாடியில் தேடுதல் கூடாது. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் மாற்றம் தெரியும். 12 வாரம் ஆகியும் மாற்றமில்லையாயின் மருத்துவரை நாடலாம்.

அடுக்களைப் பொருள்களைப் பற்றி மாணவியர் பலர் ஐயுறுவர். எலுமிச்சைச் சாறு கடும் புளிப்புடையது, தோலை எரிக்கும். மேலும், எலுமிச்சை இனங்களில் உள்ள சில பொருள்கள் தோலில் பட்ட பின் வெயில் பட்டால், தீக்காயம்போல் கொப்புளம் எழுந்து, பல வாரம் நிற்கும் கருங்கோடுகள் தோன்றும். வெளுக்கப் பூசியதே கருக்கச் செய்யும் விந்தை இது. சமையல் சோடா காரத் தன்மையது. பற்பசை பல்லுக்கு உரியது, முகத்திற்கு அன்று. சர்க்கரை, உப்பு, கொரகொரப்பான மாவு ஆகியவற்றால் தேய்ப்பது சுவரைச் சுரண்டுவதாகும். மஞ்சளும் சந்தனமும் பலர்க்குத் தீங்கு செய்வதில்லை; சிலர்க்கு ஒவ்வாமை தரும். சோற்றுக்கற்றாழையின் தெளிந்த உட்சோறு பெரும்பாலார்க்குக் குளிர்ச்சி தரும். ஆனால் இலையை வெட்டியதும் வடியும் மஞ்சட்பாலை முற்றும் கழுவிய பின்னரே அதனை எடுக்க வேண்டும். அப்பால் தோலை அரிக்கும். இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. முந்திரி எண்ணெயும் இயற்கைப் பொருள்தானே?

இவை யாவற்றினும் பெருங்கேடு விளைப்பது, மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சில களிம்புகள். இவற்றுள் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகள் கலந்திருக்கும். பூசிய சில நாளில் சிவப்பு அடங்கும். முகம் வெளுத்துப் பொலிவுறும். பூசியவர் மகிழ்ந்து தம் தோழர்க்கும் பரிந்துரைப்பர். மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலியும். குருதிக்குழல்கள் சிவந்து தெரியும். பெண்கள் முகத்திலும் மயிர் வளரும். பருக்கள் கொத்தாக எழும். களிம்பை நிறுத்தினாலோ முகம் தீப்பற்றியதுபோல் எரியும். எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் அதனையே பூசுவர். குடிப்பழக்கம்போல் இதுவும் ஒருவரைப் பற்றிக்கொள்ளும். இந்நாட்டில் இக்கேடு மிகப் பரவியமையால், இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கெனத் தனிப்பெயரே வைத்தனர். 2018-ஆம் ஆண்டில் நடுவண் அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதெனப் பட்டியலிட்டது. ஹைட்ரோகுவினோன் என்னும் வெளுக்கும் மருந்தையும் மருத்துவர் மேற்பார்வையின்றி நெடுங்காலம் பூசினால், முகத்தில் நீங்காத நீலக்கருமை படியக்கூடும். சட்டம் இருந்தும், கடைக்காரர் கொடுப்பதும் நாம் வாங்குவதும் நிற்கவில்லையாயின் பயன் யாது? களிம்புக் குழாயின்மேல் உள்ள எழுத்துகளைப் படித்துப் பார்த்தல் கற்றவர் கடமையாகும்.

உறையில் உட்பொருள்களே அச்சிடப்படாத சிவப்பழகுக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதும் உண்டு. பாதரசம் டைரோசினேஸ் நொதியை முடக்கி நிறத்தை வெளுக்கச் செய்யும். ஆயின், தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தையும் தாக்கும். 2021-ஆம் ஆண்டு முதல் 2023 வரை கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், இத்தகைய கிரீம் பூசி வந்தோர் பலர்க்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதுற்றதை அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தனர். முகத்தின் ஒரு புள்ளிக்காகச் சிறுநீரகத்தை விலையாகக் கொடுப்பது அறிவுடைமை ஆகுமா? 2013-இல் ஜப்பான் நாட்டில் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இவ்வகைப் பொருள்களை ஒழிக்க முனைந்தது. இந்தியாவும் 2018-இல் அதனை ஏற்று உறுதி செய்தது.

பருக்கள் கட்டிகளாக எழுந்து நோவு தந்தாலும், பள்ளம் விழத் தொடங்கினாலும், கருமை பரந்து விரிந்தாலும், ஸ்டீராய்டுக் களிம்பை நெடுநாள் பூசியிருந்தாலும், வீட்டு முயற்சியில் காலம் கடத்தாமல் தோல் மருத்துவரை அணுக வேண்டும். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. ஸ்டீராய்டுக்கு ஆட்பட்டோர் அதனை மறைக்காமல் கூற வேண்டும். அதனை எவ்வாறு விடுவது என்பதையும் மருத்துவரே தீர்மானிப்பார்.

இறுதியாக ஒன்று. புள்ளியை மங்கச் செய்வது வேறு. நிறத்தை மாற்ற முயல்வது வேறு. முன்னது, புண்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள தோலின் நிறத்திற்கு மீளச் செய்தல். அது நல்ல முயற்சி. பின்னது, வெயில் மிகுந்த நாட்டில் வாழ்வதற்கென இயற்கை நமக்கு அளித்த குடையைக் கிழித்தல். பழந்தமிழ்ப் புலவர்கள் தலைவியின் மேனியழகை மாமை என்னும் சொல்லால் போற்றினர். மாந்தளிரின் நிறத்தை ஒத்த கருமை கலந்த அழகு அது. அம்மாமை வெளிறிப் பசலை பாய்வதையே அவர்கள் துன்பமாகப் பாடினர். வெளிறுதல் அவர்க்கு நோயின் அடையாளம். நமக்கு மட்டும் அது எவ்வாறு அழகாயிற்று என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கிள்ளாத விரலும், எரிக்காத பூச்சும், தலைக்குமேல் ஒரு குடையும், சில மாதப் பொறுமையும் இருந்தால் தோல் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். அதற்குள் வரும் தேர்வையும் விளையாட்டையும் நட்பையும் ஒரு புள்ளிக்காக இழந்துவிடாதிருப்பதே இளமைக்கு அழகு.